சென்னைக்குத் திட்டம் தீட்டுபவர்களுக்கு ஜார்ஜ் டவுனிலிருந்து ஒரு மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வல்லுநர்களுக்கும்,

வணக்கம். நான் ஜார்ஜ் டவுன்காரன். லிங்கிச் செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருக்கிறேன். ஆண்டர்சன் தெருப் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை. 2027 முதல் 2046 வரை சென்னை எப்படி வளர வேண்டும் என்பதற்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. அதில் எங்கள் பகுதியைப் பற்றி என்ன எழுதப்போகிறீர்கள் என்ற கவலையில்தான் இந்த மடல். எல்லாம் எழுதி முடித்த பிறகு ஆட்சேபணை சொல்வதைவிட, எழுதும்போதே சொல்லிவிடுவது இரண்டு தரப்புக்கும் நல்லது.

நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் எழும்பூர்க் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர். 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் நடந்த இந்து தியாலஜிகல் பள்ளி எங்கள் தங்கசாலைத் தெருவில் இருக்கிறது. அந்தப் போராட்டத்தில் கைதாகி 1939-இல் உயிர்விட்ட தாளமுத்து, நடராசன் இருவரின் நினைவிடம் உள்ள மூலக்கொத்தளத்துக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். உங்கள் வாசல் பலகைக்கும் எங்கள் தெருக்களுக்கும் பழைய உறவு உண்டு. கொஞ்சம் உரிமையோடு பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1975-இல் வந்த முதல் திட்டம், 2008-இல் வந்த இரண்டாவது திட்டம் இரண்டிலும் எங்களைப் பற்றிய பேச்சு ஒரே மாதிரிதான்: நகரின் மையம், குறுகிய தெரு, ஒட்டி ஒட்டிக் கட்டிய கட்டடங்கள், மொத்த வியாபாரம், லாரி, நெரிசல். ஆகவே நெரிசலைக் குறைக்க வேண்டும், சந்தைகளை வெளியே கொண்டுபோக வேண்டும். இதில் பொய் எதுவும் இல்லை. பாரிமுனையில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்த எவரும் நெரிசல் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த நெரிசலில் யார் நெரிபடுகிறார்கள், எதற்காக இங்கேயே கிடக்கிறார்கள் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம். அந்தப் பத்தியை நானே எழுதிப் பார்க்கிறேன். நீளமாகத்தான் வரும்.

என் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். ஆண்டர்சன் தெரு என்றால் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும் என்று ஊருக்கே தெரியும். வெளியூரிலிருந்து வருகிற ஒரு குடும்பம் காலையில் கடை ஏறிப் பத்திரிகை மாதிரியைத் தேர்வு செய்கிறது. கடைக்காரர் வைத்திருப்பது மாதிரி ஆல்பம் மட்டும்தான். காகிதம் பக்கத்துத் தெருவிலிருந்து வரும். அதை வெட்டுகிற மெஷின் வேறொருவருடையது. எழுத்துக் கோத்து வடிவமைப்பவர் ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். ஆஃப்செட் ஓரிடம், ஸ்க்ரீன் பிரிண்டிங் ஓரிடம், தங்க ஃபாயில் அடிப்பது இன்னோரிடம், டை கட்டிங் அடுத்த சந்து. கடைசியில் உறை ஒட்டுவதும் மடிப்பதும் வீடுகளில் இருக்கும் பெண்கள் செய்கிற வேலை. நூறுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பத்திரிகை ஏழெட்டுக் கை மாறுகிறது. இந்தக் கைகளுக்கு நடுவே சரக்கைக் கொண்டுபோவது மூன்று சக்கர மீன்பாடி வண்டியும், தலையில் சும்மாடு வைத்த ஆளும். எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால்தான் சாயங்கால ரயிலுக்கு முன்னால் அந்தக் குடும்பத்தின் கையில் பத்திரிகைக் கட்டைக் கொடுத்து அனுப்ப முடிகிறது. இவர்களில் எவருக்கும் பெரிய முதலீடு கிடையாது. ஒருவருக்கொருவர் பக்கத்தில் இருப்பதுதான் முதலீடு.

இதே கதைதான் ஒவ்வொரு தெருவிலும். தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடி, நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனமும் மருத்துவக் கருவிகளும், கொடௌன் தெருவில் மொத்தத் துணி, பந்தர் தெருவில் பள்ளிப்பையும் நோட்டும், ஈவினிங் பஜாரில் பொம்மை, லிங்கிச் செட்டித் தெருவில் இரும்புச் சாமான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே மாதிரிக் கடைகள் வரிசையாக இருப்பது வேடிக்கையாக இருக்கும். சரக்கு தீர்ந்தால் பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கி விற்கலாம் என்பதும், விலை யாராலும் ஒரேயடியாக ஏற்ற முடியாது என்பதும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

தம்புச் செட்டித் தெரு கொஞ்சம் வேறு மாதிரி. உயர் நீதிமன்றம் 1892-இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்ததிலிருந்து எதிர்ப்பக்கத் தெருக்களில் பழைய வீடுகளின் அறைகள் வக்கீல் அலுவலகங்களாக மாறிக்கொண்டே வந்தன. கீழே போல்ட்டு நட்டுக் கடை, மாடியில் சிவில் வழக்கு. வக்கீலுக்குத் தட்டச்சர் வேண்டும், தட்டச்சருக்கு ஜெராக்ஸ் கடை வேண்டும், எல்லோருக்கும் டீ வேண்டும். டீ கொண்டுபோகிற பையன் எத்தனை மாடி ஏறுகிறான் என்று எந்தப் போக்குவரத்து ஆய்விலும் வராது.

இங்கே குடியிருப்பவர்கள் யார்? தெலுங்கு பேசும் கோமுட்டிச் செட்டியார்கள், சௌகார்பேட்டையில் மார்வாடிகளும் குஜராத்திகளும், சௌராஷ்டிரர்கள், மண்ணடியில் கீழக்கரை காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், பவளக்காரத் தெருவில் நகரத்தார் விடுதிகள், பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிக் கடற்கரை ஓரம் கடை போட்டவர்கள், இப்போது பீகாரிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்து கடைக்குள்ளேயே படுத்துக்கொள்ளும் இளைஞர்கள். இப்படிப் பட்டியல் போட்டுவிட்டு உடனே ஒற்றுமை நல்லிணக்கம் என்று பூமாலை சாத்துவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரே குழாயடியில் நிற்கிறவர்கள் சண்டையும் போடுவார்கள், மருத்துவமனைக்கும் கூட வருவார்கள், அவ்வளவுதான். முன்பு வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்த சாதிகளின் சண்டை இந்தத் தெருக்களில் கலவரமாகவே நடந்தது: பெத்துநாயக்கன்பேட்டை ஒரு பக்கம், முத்தியால்பேட்டை மறுபக்கம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் தெரு பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அது யாருக்கும் நினைவில்கூட இல்லை.

கூட்டம் எப்போது எங்கே சேரும் என்பது மட்டும் உங்கள் வேலைக்கு உதவும், ஆகவே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலில் எல்லா மதத்தவரும் நிற்பார்கள். வெள்ளிக்கிழமை காளிகாம்பாள் கோயில். கிருத்திகைக்குக் கந்தகோட்டம், ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வளர்ந்த வள்ளலார் சின்ன வயதில் நடந்து போன கோயில் அது. ரம்ஜான் மாதம் மண்ணடி விடிய விடிய விழித்திருக்கும். புரட்டாசியில் திருப்பதிக் குடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி யானைக்கவுனி தாண்டுகிற அன்று எந்த வாகனத்துக்கும் வழி கிடையாது, அதைப் பற்றி யாரும் குறை சொல்வதும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அன்றைக்குத்தான் இந்தத் தெருக்கள் எவ்வளவு அகலம் என்று தெரியும், பிள்ளைகள் நடுத்தெருவில் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு, காரில் வருகிறார்கள். அந்த நேரத்தில் யார் வந்தாலும் நெரிசலைத்தான் எழுதுவார்கள்.

வீடுகளுக்கு வருகிறேன். இரண்டாவது திட்டம் இந்தப் பகுதியைத் தொடர் கட்டடப் பகுதி என்று வகைப்படுத்தியிருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய, நடுவில் முற்றம் வைத்த பழைய வீடுகள். ஒரு வீட்டுக்குள் நாலைந்து குடித்தனம், பின்பக்கம் பொதுக் கழிப்பறை. முன்பக்கத்து அறைகள் ஒவ்வொன்றாகக் கிடங்காகிவிட்டன, ஏனென்றால் கிடங்குக்குக் கிடைக்கிற வாடகையைக் குடும்பத்தால் கொடுக்க முடியாது. பல வீட்டுக்காரர்கள் இப்போது இங்கே இல்லை. அண்ணாநகரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். ஒரு சொத்துக்கு ஏழு வாரிசு, ஏழு பேரும் ஒரு கையெழுத்தில் சேர மாட்டார்கள், ஆகவே யாரும் ஒழுகுகிற கூரையைத் தொட மாட்டார்கள். மழைக்காலத்தில், மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் பெயர்ந்து விழுகிறது.

2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் வருடத்துச் சட்டம் போனது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது புதிய விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாத்தா காலத்தில் வாய்வார்த்தையில் குடி வந்து, மாதாமாதம் ஒரு குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கி வாடகை கொடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய. ஒப்பந்தம் போட வீட்டுக்காரர் வர மாட்டார்; ஒப்பந்தம் இல்லையென்றால் அதுவே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். இது வீட்டு வசதித் துறையின் விவகாரம், நகரத் திட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் ஒரு தெருவில் எவ்வளவு தளப் பரப்பு கட்டலாம் என்று ஒரு எண்ணை உயர்த்தினால், அடுத்த மாதமே அந்தத் தெருவில் யாரோ ஒரு பழைய குடித்தனக்காரருக்கு நோட்டீஸ் வரும். எண்ணை உயர்த்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உயர்த்தும்போது உள்ளே இருப்பவருக்கு அதே கட்டடத்தில் ஓர் இடம் என்று நிபந்தனை சேர்க்கச் சொல்கிறேன்.

இனி, வீடே இல்லாதவர்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் ஷட்டர்கள் இறங்கியதும் பிராட்வே, என்.எஸ்.சி. போஸ் சாலை, தங்கசாலைப் பக்கத்து நடைபாதைகளில் பாய் விரிகிறது. இவர்களைப் பிச்சைக்காரர்கள் என்றும், ஊரிலிருந்து நேற்று ஓடி வந்தவர்கள் என்றும் நினைப்பவர்கள் உண்டு. பாதிப் பேருக்கு மேல் இங்கேயே பிறந்தவர்கள். அம்மாவும் இங்கே பிறந்தவர், சில குடும்பங்களில் பாட்டியும். ரேஷன் அட்டை இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, தேர்தல் சமயத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளும் வருவார்கள். ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள், வண்டி இழுக்கிறார்கள். பெண்கள் கடைகளில் கூட்டிப் பெருக்குகிறார்கள், பூ கட்டுகிறார்கள், அட்டைப்பெட்டி பொறுக்கிக் கட்டுக்கட்டாக எடைக்குப் போடுகிறார்கள். ஜார்ஜ் டவுனின் ஒவ்வொரு பேரமும் இவர்கள் முதுகில் ஏறித்தான் வெளியே போகிறது. பகலில் துணிமணியையும் அடுப்பையும் ஒரு கடையின் படிக்கடியில் வைத்துக்கொள்ளக் கடைக்காரர் அனுமதிப்பார். அதற்குப் பதிலாக இரவில் கடைக்குக் காவல். யாரும் எழுதிக் கையெழுத்துப் போடாத ஏற்பாடு. கட்டணக் கழிப்பறையை இரவில் பூட்டிவிடுவார்கள், அப்புறம் பெண்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டு ஒருவரைச் சங்கடப்படுத்த எனக்கு மனம் வரவில்லை; நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இவர்களை எண்ணுவது எப்படி என்பதும் ஒரு பிரச்சினை. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எண்ணினார்கள். அன்று ராத்திரி யார் லாரியோடு போயிருந்தார்கள், யார் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், யாரைப் போலீஸ் வேறு தெருவுக்கு விரட்டியிருந்தது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போய்விட்டது. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு விடுதி என்ற விகிதத்தில் நகரங்களில் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் இரவு விடுதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. விடுதிகள் வந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இருக்கிற இடத்துக்கு ஒரு முழுக் குடும்பம் எப்படிப் போகும்? புருஷன் ஒரு பக்கம், பதினாலு வயது மகன் எந்தப் பக்கம்?

சரி, இவர்களுக்கு வீடு கொடுத்து வேறு இடத்தில் குடியமர்த்தினால் என்ன என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தாயிற்று. 2000-இலிருந்து கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம். இரண்டுமே பாரிமுனையிலிருந்து கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர், அதற்கு மேல். 2019 டிசம்பரில் தீவுத்திடல் பக்கத்தில் கூவக்கரையில் இருந்த சத்தியவாணிமுத்து நகர்க் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பள்ளி வருடத்தின் நடுவில். அங்கே போனவர்களில் சிலரை நான் இன்னும் இங்கே பார்க்கிறேன். வேலை இங்கே இருக்கிறது, விடியற்காலை லாரி வந்து நிற்கிற நேரத்தில் ஆள் இங்கே இருந்தால்தான் கூலி. ஆகவே வார நாட்களில் நடைபாதை, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கத்து வீடு. பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி, உண்மை. ஆனால் போக வர நாலு மணி நேரம் போனால் அந்த நேரத்துக்கான கூலியை யார் கொடுப்பது?

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும். அலங்காரத்துக்காக அல்ல, உங்களுக்கு ஒரு முன்னுதாரணம் காட்டுவதற்காக. ஜார்ஜ் டவுனே ஒரு தடவை அப்புறப்படுத்தப்பட்ட ஊர். 1639-க்குப் பிறகு கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்ற வளாகம் இருக்கிற இடத்தில், நெசவாளர்களும் வணிகர்களும் கம்பெனிக்கு மொழிபெயர்த்த துபாஷிகளும் குடியிருந்த பழைய கருப்பர் நகரம் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது ஒரு பகுதியை இடித்தார்கள். பட்டணம் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பி வந்த பிறகு, கோட்டையைச் சுற்றி பீரங்கிக்குத் திறந்த வெளி வேண்டுமென்று கம்பெனியே மிச்சத்தையும் தரைமட்டமாக்கியது. இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் கல் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் இன்னும் நிற்கிறது. மக்கள் அந்தக் கல்லுக்கு வடக்கே நகர்ந்தார்கள். அப்படி வந்ததுதான் இந்தப் பேட்டை.

அந்த இடிப்பில் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. ஊர் கொதித்தது. 1760-களில் கம்பெனி மாற்று நிலம் கொடுத்தது, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டினார். பெருமாளுக்கும் சிவனுக்குமாக இரட்டைக் கோயில், தேவராஜ முதலித் தெருப் பக்கம். பழைய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. பெருமாளைக் கும்பிடுகிறவர்கள் இங்கே இருக்கும்போது பெருமாளைத் தாம்பரத்துக்கு அனுப்ப முடியாது என்று வெள்ளைக்காரக் கம்பெனிக்கே புரிந்திருக்கிறது. இன்றைக்கு மூட்டை தூக்குகிறவருக்கு நாங்கள் கேட்பதும் அதே தூரத்துக்குள் மாற்று இடம்தான். (அதே கம்பெனி மதில் கட்டிய செலவுக்கு மக்களிடம் வரி கேட்டு, அதை வசூலிக்க முடியாமலே விட்டது. வால்டாக்ஸ் சாலை, அதாவது மதில் வரிச் சாலை, என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. உங்கள் வளர்ச்சிக் கட்டணத்தைப் பார்க்கும்போது அவ்வப்போது நினைவுக்கு வரும்.)

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே போனது. 1937-இல் கிறித்தவக் கல்லூரி தாம்பரம் போனது. 1985-இல் பக்கத்துப் பூங்கா நகரில் மூர் மார்க்கெட் எரிந்தது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். இரும்பு வியாபாரத்துக்குச் சாத்தங்காட்டில் இடம் ஒதுக்கினீர்கள். 1996-இல் கொத்தவால் சாவடியின் காய்கறி, பழ மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. 2002-இல் வெளியூர்ப் பேருந்துகளும் அங்கே போயின.

கொத்தவால் சாவடி போனது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அழுகிய காய்கறி முழங்கால் அளவுக்குக் கிடந்த தெருவை நினைத்து ஏங்குகிறவர்கள் அந்தத் தெருவில் குடியிருந்திருக்க மாட்டார்கள். போக வேண்டிய காரணம் இருந்தது. ஆனால் எப்படிப் போனது என்று பாருங்கள். வியாபாரிக்குக் கோயம்பேட்டில் கடை ஒதுக்கினார்கள். ஒதுக்குவதற்கு அவரிடம் உரிமம் இருந்தது, வாடகை ரசீது இருந்தது. சாவடியில் கூடை தூக்கியவரிடம் என்ன இருந்தது? சிலர் வியாபாரியின் பின்னாலேயே போனார்கள். பலர் இங்கேயே தங்கிக் காகிதம், துணி, இரும்பு என்று வேறு சுமைக்கு மாறினார்கள். காலி ஆன இடத்தில் வேறு மொத்த வியாபாரம் வந்து உட்கார்ந்தது, லாரி திரும்ப வந்தது. நெரிசல் குறைந்ததா என்று நீங்களே வந்து பார்க்கலாம். சரக்கை மட்டும் இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மொத்த வியாபாரத்தை மேலும் வெளியேற்ற வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு கருத்தரங்கிலும் புதிதுபோல் வருகிறது.

இன்னொரு கூட்டம் வேறு மாதிரி ஆபத்து. அவர்களுக்கு எங்கள் பகுதியைப் பாரம்பரியத் தெருக்களாகப் பார்க்க ஆசை. பச்சையப்பன் மண்டபத் தூண், ஆர்மீனியத் தேவாலயம், பழைய பால்கனிகள். எல்லாவற்றுக்கும் வர்ணம் பூசி, கருங்கல் பாவி, மஞ்சள் விளக்குப் போட்டு, ஞாயிறு காலை நடைப்பயணம். கட்டடங்களைக் காப்பாற்றுவதில் எனக்கு மறுப்பே இல்லை, ஒரு பகுதி இடிக்கப்பட்ட கோகலே மண்டபத்துக்கு நேர்ந்த கதி வருத்தம்தான். ஆனால் மாதிரிப் படங்களைப் பார்த்தால் அதில் மீன்பாடி வண்டி இருப்பதில்லை. தொப்பி போட்ட ஒரு பெண் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகட்டும், எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்கிறேன். ரசாயனக் கிடங்குக்கு மேல்மாடியில் குழந்தைகள் தூங்குவது சரியில்லை. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில் பிளாஸ்டிக்கைக் கூரை வரை அடுக்குவது சரியில்லை. நடைபாதையைக் கடை முழுங்குவதும், மின்கம்பிகள் தலைக்கு மேல் வலைபோல் தொங்குவதும் எங்களுக்கே பயம்தான். சங்கத்தில் இதைப் பேசினால் வியாபாரிகள் வாயை மூடச் சொல்வார்கள். ஆகவே எரியக்கூடிய சரக்கையும் அபாயகரமான ரசாயனத்தையும் வெளியே கொண்டுபோங்கள், முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதற்குக் காரணம் தீ. கல்யாணப் பத்திரிகைக்கும் வளையலுக்கும் அந்தக் காரணம் பொருந்தாது.

என்ன வேண்டும் என்று கேட்டால் முக்கியமானது ஒன்றுதான்: வேலை இருக்கிற இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு. மூலக்கொத்தளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் அடுக்குமாடி கட்டியிருக்கிறது. ஆக, மையத்தில் நிலம் இல்லை என்ற பேச்சு முழு உண்மை இல்லை. பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் சேர்த்துப் பெரிய வளாகம் வருகிறது. பேருந்து, கடை, அலுவலகம், வாகன நிறுத்தம் எல்லாம் அதில் உண்டு. காருக்கு இரவில் தங்க இடம் தருகிற வளாகத்தில், பக்கத்து நடைபாதையில் தூங்குகிற சுமைதூக்குபவருக்கு இரண்டு தளம் தர முடியாதா? மாத வாடகை வாங்கிக்கொள்ளுங்கள், இலவசம் வேண்டாம். பாய்க்கும் படிக்கட்டுக்கும் ஏதோ ஒரு விதத்தில் இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வரைபடத்தில் எங்கள் பகுதிக்கு வணிக மண்டலம் என்று ஒரே வண்ணம் பூசிவிடாதீர்கள். அந்த வண்ணத்துக்குக் கீழே குடும்பங்கள் மறைந்துபோகின்றன. குடும்பம் மறைந்த இடத்தில் பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார மையம், விளையாட இடம் எதற்கும் தேவை காட்ட முடியாமல் போகிறது. கணக்கெடுப்பைப் பொறுத்தவரை, ஒரு ராத்திரி போதாது. வெவ்வேறு பருவத்தில், வெவ்வேறு கிழமையில், இந்தத் தெருக்களைத் தெரிந்தவர்களை வைத்து எண்ணுங்கள். கொஞ்ச காலம் முன்பு ஒரு குழு எங்கள் சந்துக்கு டேப்லெட்டோடு வந்து மாடி எத்தனை, கடை எத்தனை, வண்டி எத்தனை என்று கேட்டுவிட்டுப் போனது. எத்தனை பேர் தூங்குகிறீர்கள் என்று கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கட்டம் இல்லையாம்.

சாலையோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களுடைய பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. சுமைதூக்குபவர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் அப்படி உட்கார ஒரு நாற்காலி எங்கேயும் இல்லை. சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்தை முடிவு செய்கிற எந்தக் கூட்டத்திலாவது அவர்களைக் கூப்பிட்டதுண்டா? எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு லாரி நுழைந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று அவர்கள் விரல் விட்டுச் சொல்வார்கள். கழிப்பறை இரவில் திறந்திருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் முழுமைத் திட்டம் தேவையில்லை, ஒரு சாவி போதும். ஆனாலும் இதில் எழுதிவிட்டால் யாராவது திறப்பார்கள் என்ற நப்பாசை.

கடைசியாகக் கருத்துக் கேட்புக் கூட்டம். அதை எழும்பூரிலோ கிண்டியிலோ வேலை நாளில் வைத்தால், நாள் கூலியை விட்டுவிட்டு யாரும் வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கேயே வையுங்கள். தெரு காலியாக இருக்கும், சுமைதூக்குபவர்களும் இருப்பார்கள், வியாபாரிகளும் வருவார்கள். தமிழோடு தெலுங்கிலும் இந்தியிலும் உருதுவிலும் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், அதற்கு எங்கள் தெருப் பிள்ளைகளே போதும். பந்தலும் நாற்காலியும் எங்கள் பொறுப்பு. வரைபடத்தைப் பெரிதாக, தெருப் பெயர்கள் தமிழில் படிக்கிற மாதிரி அச்சிட்டுக் கொண்டுவாருங்கள். நேரமில்லை என்றால் வரைபடக் கோப்பு மட்டும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பிவையுங்கள். ஆண்டர்சன் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக அடித்து வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
லிங்கிச் செட்டித் தெருப் பக்கத்துச் சந்துவாசி ஒருவன்